அடி, சத்தம்

அத்தியாயம் 14

கம்பெனிக் கடிதத்தை டீச்சர் நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்ட இடத்தில் சென்ற வாரம் விட்டிருந்தேன். "ஆதாரத்தை யாராவது கிழிப்பார்களா?" என்று பதினேழு பேர் கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அதே கோபம் அந்த வீட்டுக்குள்ளேயே ஒருவருக்கு வந்துவிட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலை, சாப்பாட்டு மேஜையில் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கடிதம் முழுசாகக் கிடந்தது. பின்பக்கம் நெடுக ஒட்டு நாடா. ஒட்டியவர் மாமியார். முப்பத்தொரு வருஷம் ரயில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து, கசங்கியது, கிழிந்தது, மழையில் நனைந்தது என்று எல்லாப் படிவங்களையும் நீவி நீவிப் படித்த கை அது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எட்டே மாதம் ஆன புதுக் கார். முப்பத்துமூன்று நாளுக்கு முன்னால் ஸ்டியரிங்கில் மாமியார், பக்கத்து இருக்கையில் டீச்சர். ரிட்டயர் ஆன கையோடு கார் ஓட்டியே தீருவேன் என்று மாமியாருக்கு ஆசை. நூலக முனையில் மெதுவாகத் திரும்பும்போது முன் சக்கரம் ஒன்று மடங்கி உள்ளே போயிற்று. டீச்சர் தன் காலடியில் இருக்கும் பிரேக்கை ஏறி மிதித்தும், கார் நூலகச் சுவரில் போய்த்தான் நின்றது. ஆட்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

கீறல் விழுந்தது டீச்சரின் பெயரில். "ஓட்டக் கத்துக்கொடுக்கறவளே சுவத்துல போய் இடிச்சா, அவகிட்ட கத்துக்கிட்டவங்க எதுல இடிப்பாங்க?" என்று தெருவில் ஒருவர் கேட்க, அடுத்த நாளே அது நாலு தெருவுக்குப் பரவிவிட்டது. உரிமம் கொடுத்த அலுவலகமும் அதை நிறுத்திவைத்துவிட்டுக் கையை விரித்துவிட்டது. வண்டியில் கோளாறு என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால் பயிற்சி உரிமம் திரும்ப வரும். ஓட்டியவர்கள் தவறு என்றால் ரத்து. பதினோரு வருஷப் பள்ளி, அந்த ஒரு காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கம்பெனி எழுதியதோ வேறு. 'ஏற்கெனவே அடிபட்ட வண்டி. விபத்துச் சேதம் வாரண்டியில் சேராது.' பன்னிரண்டு நாள் அதையே படித்துப் படித்து, பதின்மூன்றாம் நாள் டீச்சர் கிழித்தாள். நானாக இருந்தால் முதல் நாளே கிழித்திருப்பேன்.

"இதுல ஒரு வார்த்தை இடிக்குது," என்றார் மாமியார், ஒட்டிய கடிதத்தில் விரலை வைத்து.

"அத்தை, இன்னைக்கு ஒரு நாளைக்காவது இடிக்கிறதைப் பத்திப் பேசாதீங்க," என்றாள் டீச்சர்.

"அதில்லம்மா. 'ஏற்கெனவே'ன்னு போட்டிருக்கான். சுவத்துல மோதுறதுக்கு முன்னாடி நம்ம வண்டி எங்க அடிபட்டுச்சு?"

"எங்கயும் இல்ல. கதவுல ஒரு கீறல், அவ்வளவுதான்."

"அப்போ இவனுக்கு யார் சொன்னது?"

டீச்சருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று ஒரே ஒரு சந்தேகம்தான். அதைப் பற்றிப் பேச அவள் தயாராக இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மருந்துக்கடைக்காரர், அதாவது டீச்சரின் கணவர், இரண்டு பெண்களுக்கும் நடுவில் தலையை நீட்டினார். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? இடிச்சா இன்சூரன்ஸ், தானா உடைஞ்சா வாரண்டி. இவ்வளவுதான் விஷயம். நாம இடிச்சிருக்கோம். ஒருத்தன் பாட்டிலைக் கீழ போட்டு உடைச்சுட்டு எங்கிட்ட வந்து புது மருந்து கேட்டா நான் குடுப்பேனா?"

"உடைஞ்சதால இடிச்சிருந்தா?" என்று கேட்டார் மாமியார்.

மகன் வாயில் வைத்த ரொட்டியை மெல்ல மறந்தார். "அதுக்குத் தனியா ஒரு பேர் இல்லையேம்மா."

"இல்லேன்னா வைக்கச் சொல்லு."

முப்பத்துமூன்று நாளில் மாமியார் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அன்றுதான். விபத்து நடந்த அன்று இறங்கிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவர், அதன் பிறகு 'ம்', 'சரி', 'போதும்' என்ற மூன்று வார்த்தைகளிலேயே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். மருமகள் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் திட்டவே இல்லை.

டீச்சர் பையை எடுத்தாள். அன்று பத்தரைக்கு கம்பெனியின் மேலதிகாரி சர்வீஸ் சென்டருக்கு வருகிறார். நேரில் கேட்க வேண்டும் என்று டீச்சர் நான்கு தடவை எழுதியதால் கிடைத்த நேரம். அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

"நானும் வரேன்," என்று செருப்பை மாட்டினார் மாமியார். வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"பஸ் வருது அத்தை, வாங்க."

மாமியார் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு நடந்தார். ஓட்டுநர் பயிற்சி டீச்சர் பஸ்ஸுக்கு ஓடுவதைப் பார்த்து மூலைக்கடைக்காரர் சிரித்தார். அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான்.

சர்வீஸ் சென்டர் வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே புது டயர் வாசனை, டோக்கன் எண் ஓடும் பலகை. பின்பக்க முற்றத்தில் டீச்சரின் கார் ஒரு காலை மடக்கிக்கொண்டு நின்றது. 'கற்பவர் ஓட்டுகிறார்' என்ற பலகை இன்னும் கூரைமேல் இருந்தது. டீச்சர் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தாள்.

முன் மேஜையில் இருந்தவன் எழுந்து நின்றான். "அக்கா..."

சின்னவன். டீச்சரின் ஒரே தம்பி. வண்டியை விட வருகிறவர்களிடம் என்ன குறை என்று கேட்டு ஜாப் கார்டில் எழுதுகிற வேலை அவனுக்கு. கடிதத்தின் கீழே, 'சர்வீஸ் சென்டர் குறிப்பின்படி' என்று ஒரு வரி இருந்தது. குறிப்பு எழுதுகிறவன் இவன்தான். கூடப் பிறந்தவனே காலை வாரிவிட்டான் என்று அன்றோடு அவன் போனை எடுப்பதை அவள் நிறுத்திவிட்டாள்.

"அட்வைசர் சார், நாங்க எங்க உக்காரணும்?" என்றாள் டீச்சர்.

சின்னவன் முகத்தில் ஈயாடவில்லை. அவன் மூக்கைச் சிந்திவிட்ட அக்கா, அவனுக்கு முதல் சைக்கிள் பழக்கிய அக்கா, அவனைப் பார்த்து 'சார்' என்கிறாள். இதைவிட அவள் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

"உள்ள... மீட்டிங் ரூம்ல. அக்கா, நான் என்ன பண்ணேன்னு ஒரு தடவை சொல்லிட்டுத் திட்டு."

"நன்றி சார்."

மாமியார் மட்டும் போகிற போக்கில் அவன் தோளைத் தட்டினார். "நீயும் உள்ள வா தம்பி. ஓரமா நில்லு. ஓடிப் போயிடாத."

கம்பெனி அதிகாரிக்கு அந்த சென்டரில் ஒரு பட்டப்பெயர் உண்டு: வாய்ப்பில்லை சார். எதைக் கேட்டாலும் அவர் முதலில் சொல்கிற வார்த்தை அது. டீ வேண்டுமா என்று மேனேஜர் கேட்டதற்குக்கூட, "வாய்ப்பில்லை, இப்பதான் குடிச்சேன்," என்றார். மோசமான மனிதர் இல்லை. பத்தொன்பது வருஷமாக விதவிதமான பொய்களைக் கேட்டுக் கேட்டு, உண்மையையும் அதே காதால் கேட்கப் பழகிவிட்டவர்.

மேஜைமேல் ஒரு கோப்பு. பக்கத்தில் துணிமேல் உடைந்த இரும்பு. முன் சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் கை போன்ற பாகம், இரண்டு துண்டாக.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது மேடம். ஆனா வாரண்டிங்கறது நாங்க செஞ்ச பொருளுக்கு நாங்க குடுக்கற வாக்கு. நீங்க எங்க போய் மோதுவீங்கன்னு நாங்க வாக்கு குடுக்க முடியாது. மோதுன எல்லா வண்டியையும் கம்பெனி சரி பண்ணிக் குடுத்தா, நாளைக்கு ஒருத்தர் கொளத்துல விட்டுட்டு வருவார். போன மாசம் ஒருத்தர் மாடிப்படியில இறக்கிட்டு வந்தார். அதுவும் சும்மா இல்ல, பின்பக்கமா."

"நியாயம்தான் சார்," என்றாள் டீச்சர்.

வாய்ப்பில்லை சார் ஒரு கணம் தடுமாறினார். யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது.

"ரெண்டு மாசம் முன்னாடி எங்கிட்ட கத்துக்கறவர் ஒருத்தர் கேட் தூண்ல உரசினார். பக்கக் கதவு பூரா கீறல். அதுக்கு உங்ககிட்ட வந்தேனா? வரல. அது என் பாடு. பம்பர் நசுங்கினதும் விளக்கு உடைஞ்சதும் சுவரால. அதை நான் இல்லேன்னு சொல்லல. ஆனா சக்கரம் மடங்கினது சுவத்துகிட்ட போறதுக்கு முன்னாடி. ஆறடி முன்னாடி. அந்த இரும்பு உங்களோடது. அது ஏன் உடைஞ்சுதுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் இரும்புத் துண்டை எடுத்து உடைந்த முகத்தைக் காட்டினார். பாதி பளபளவென்று வெள்ளையாக இருந்தது. மீதிப் பாதி கறுத்துத் துருவேறியிருந்தது.

"பாருங்க. பளபளப்பு அன்னைக்கு உடைஞ்சது. கறுப்பு அதுக்கு முன்னாடியே விரிஞ்சது. முன்னாடியே விரிஞ்சிருக்குன்னா முன்னாடியே அடிபட்டிருக்கு. நான் சொல்லல, உங்க சர்வீஸ் ரெக்கார்டே சொல்லுது. விபத்துக்குப் பத்து நாள் முன்னாடி நீங்களே வண்டியைக் கொண்டு வந்து அடிபட்டுச்சுன்னு சொல்லியிருக்கீங்க."

"நானா? சத்தம் வருதுன்னு கொண்டு வந்தேன் சார். திரும்பறப்போ கடக்குனு ஒரு சத்தம். ரெண்டு நாள் வச்சிருந்து, ஒண்ணுமில்ல, எல்லாத்தையும் இறுக்கியாச்சுன்னு திருப்பிக் குடுத்தாங்க."

"இன்னொண்ணும் இருக்கு." அவர் கோப்பில் அடுத்த தாளைப் புரட்டினார். "ஓட்டியவரே எழுதிக் குடுத்திருக்கார். 'ஸ்டியரிங்கை நான்தான் வேகமாகத் திருப்பிவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது. என் மருமகள்மேல் எந்தத் தவறும் இல்லை.' கையெழுத்து, தேதி, எல்லாம் சரியா இருக்கு."

டீச்சர் சட்டெனத் திரும்பினாள். மாமியார் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை?"

"காலைல சொல்ல வந்தேன்."

"எதுக்கு அத்தை இப்படி எழுதினீங்க? அன்னைக்கு நீங்க நடக்கற வேகத்துலதான் திருப்பினீங்க. நான் பக்கத்துல இருந்தேனே!"

"கத்துக்கறவ தப்புன்னு ஆயிட்டா, கத்துக்குடுத்தவ தப்பிச்சுக்குவான்னு நெனச்சேன்." "உன் போர்டை எறக்கிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு. அந்த ஒத்த தாள் போதும்னு நெனச்சேன்மா."

டீச்சருக்குக் கோபமும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன. முப்பத்துமூன்று நாள் இந்தப் பொம்பளை ஒரே வீட்டில், ஒரே மேஜையில், இந்தப் பொய்யை ஒண்டியாகச் சுமந்திருக்கிறார். அவரைத் திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஆக," என்று கோப்பை மூடினார் வாய்ப்பில்லை சார், "ஏற்கெனவே அடிபட்ட வண்டி. அதை வேகமாத் திருப்பியிருக்கார் ஓட்டியவர். கம்பெனி ஏத்துக்க வாய்ப்பில்லை."

"சார்."

குரல் கதவோரத்திலிருந்து வந்தது. சின்னவன். மேனேஜர் கண்ணாலேயே அவனை அடக்கப் பார்த்தார். அவன் பார்க்காத மாதிரி இருந்தான்.

"அடிபட்டுச்சுன்னு அன்னைக்கு யாரும் சொல்லல சார். நான் அப்படி எழுதவும் இல்ல."

"இது உன் கையெழுத்துதானே?" அதிகாரி ஜாப் கார்டைத் தூக்கிக் காட்டினார். "படி."

சின்னவன் கிட்டே போய்ப் படித்தான். "அடி, சத்தம்."

"அடி, சத்தம். அடிபட்டதால சத்தம். தலைமை ஆபீஸ்ல அப்படித்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்காங்க. வேற எப்படிப் படிக்கறது?"

சின்னவன் இன்னொரு தடவை படித்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான். "அய்யோ சார்! அது அந்த அடி இல்ல. அடியில. வண்டிக்கு அடியில சத்தம்!"

அறையில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். தம்பி காலை வாரவில்லை. அவன் எழுதியது உள்ளபடியான உண்மை. இடையில் எவனோ ஒருவன் ஒரு வார்த்தையைப் பிடித்து வேறு பக்கம் திருப்பிவிட்டான்.

ஆனால் வாய்ப்பில்லை சார் அசரவில்லை. "நீ இவங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி சார்."

"அதான். இன்னைக்கு அக்காவைப் பார்த்ததும் அடி அடியில ஆயிடுச்சு. எழுதின அன்னைக்கு ஒரு 'யில்' சேர்த்து எழுத என்ன கஷ்டம்? உன் வார்த்தையை நம்பி நான் எழுதினா, நாளைக்கு என் வேலைக்கு யார் பதில் சொல்றது? உன் வேலைக்கும்தான் சொல்றேன்."

"வேலை போனாப் போகட்டும் சார். நான் எழுதினதுக்கு அர்த்தம் எனக்குத்தானே தெரியும்?"

"உனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்விதான்.

அப்போது மாமியார் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். அந்தக் கண்ணாடி ஏறினால் அவர் வேறு ஆள். கவுன்டர் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த ஆள்.

"அந்த அட்டையைக் கொஞ்சம் குடுங்க."

வாங்கிப் பார்த்தார். "தம்பி, அன்னைக்கு நீ எழுதின மத்த கார்டெல்லாம் இருக்கா?"

"கட்டு கட்டா இருக்கு அத்தை."

"எடுத்துட்டு வா."

"எதுக்கு மேடம்?" என்றார் அதிகாரி.

"முப்பத்தோரு வருஷம் கவுன்டர்ல உக்காந்தவ சார் நான். ஒருத்தர் கிறுக்கினது புரியலேன்னா அந்த ஒரு சீட்டையே மொறச்சுப் பாத்தா பிரயோஜனமில்ல. அதே ஆள் எழுதின இன்னும் பத்து சீட்டைப் பாக்கணும். அவரோட வழக்கம் தெரிஞ்சுடும்."

சின்னவன் ஒரு பெட்டியையே தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். மாமியார் மேலே இருந்த கட்டைப் பிரித்து அதிகாரியின் பக்கம் தள்ளினார்.

"நான் படிச்சா நான் மாத்திட்டேன்னு சொல்வீங்க. நீங்களே படிங்க. சத்தமா."

வாய்ப்பில்லை சாருக்கு மறுக்க வழி தெரியவில்லை. படித்தார். "முன், விளக்கு எரியவில்லை. பின், கதவு இறுக்கம். உள், நாற்றம்."

"உள்ளுக்குள்ள நாற்றம். புரியுதா உங்களுக்கு?"

"புரியுது."

"மேல படிங்க."

"மேல், கீறல். அடி, கசிவு..." அவர் குரல் ஒரு படி இறங்கியது.

"யாரை அடிச்சதும் கசிஞ்சது சார்?" என்றார் மாமியார், படு மரியாதையாக.

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அடி, துரு." அடுத்த கார்டு. "முன், மோதல்."

"அங்க நிறுத்துங்க. நெசமாவே இடிச்ச வண்டிக்கு என்ன எழுதியிருக்கான்?"

"மோதல்."

"அடின்னு எழுதல."

"எழுதல." அவர் இன்னொரு கார்டை எடுத்தார். கண்ணாடியைத் தூக்கி மறுபடி பார்த்தார். "அடி... எலி."



"எலியை அடிச்சாங்களா, எலி அடிச்சுதா?" என்று கேட்டார் மாமியார்.

மேனேஜருக்குத் தாங்கவில்லை. இருமுவது போல ஆரம்பித்து, பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வண்டிக்கு அடியில எலி கூடு கட்டியிருந்துச்சு சார். நான்தான் பக்கத்துல நின்னேன்."

"முதல்ல எடம், அப்புறம் கொறை," என்று சின்னவன் மூச்சு வாங்கச் சொன்னான். "நாலு வருஷமா அப்படித்தான் சார் எழுதறேன். இங்க உள்ள மெக்கானிக் எல்லாருக்கும் தெரியும்."

"ஊர் பேரை முதல்ல எழுதிட்டு ஆள் பேரை அப்புறம் எழுதற ஆளுங்க உண்டு. மாத்தி எழுதறவங்களும் உண்டு. ஆனா ஒருத்தரே ரெண்டு விதமா எழுத மாட்டாங்க," என்றார் மாமியார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இப்போது டீச்சர் பேசினாள். எழுந்து நின்று, பயிற்சி வகுப்பில் பேசுகிற அதே குரலில். "சார், அந்தக் கறுப்புப் பாதி முன்னாடியே விரிஞ்சதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அடிபட்டது இல்லேன்னா அது எதனால விரிஞ்சது? எட்டு மாசம் ஆன வண்டி. சத்தம் வந்த உடனே கொண்டு வந்து விட்டேன். உங்க ஆளுங்க ஒண்ணுமில்லேன்னு குடுத்தாங்க. பத்தாவது நாள் உடைஞ்சது. உடைஞ்சதனாலதான் மோதினோம். இப்போ சொல்லுங்க, அந்தச் சுவத்துல மோதினது யாரு?"

வாய்ப்பில்லை சார் இரும்புத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்துப் பார்த்தார். விரல் நகத்தால் துருவைச் சுரண்டினார். மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். வெளியே டோக்கன் எண்ணைக் கூப்பிடும் குரல் இரண்டு தடவை கேட்டது.

"வெளிய அடிபட்ட தழும்பே இல்ல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "உள்ளேர்ந்து விரிஞ்சிருக்கு." நிமிர்ந்தார். "வாய்ப்..."

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"வாய்ப்பிருக்கு," என்றார்.

சின்னவன் கையை மேலே வீசி ஒரு குதி குதித்தான். மேனேஜர் முன்னால் குதிக்கக் கூடாது என்று அவனுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மேனேஜரும் கிட்டத்தட்ட குதிக்கிற நிலையில்தான் இருந்தார். அந்த வார்த்தையை அந்த மனிதர் சொல்லி அந்தக் கட்டடம் கேட்டதே இல்லை.

அதிகாரி தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார். டீச்சர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பாகத்தில் உற்பத்திக் குறை. உடைப்பு முதலில், மோதல் பிறகு. ஆகவே மோதலால் வந்த சேதமும் கம்பெனியின் பொறுப்பு.

"பம்பரும் விளக்கும் நான் கேக்கலையே சார்," என்றாள்.

"நீங்க கேக்காட்டியும் எழுதணும். எங்க பொருள் உடைஞ்சு அதனால இடிச்சா, அது உங்க விபத்து இல்ல. எங்க விபத்து." அவர் பேனாவை நிறுத்தினார். "பத்தொன்பது வருஷத்துல இந்த வரியை நான் எழுதறது ரெண்டாவது தடவை."

"இன்னும் ஒரு வரி வேணும். ஓட்டியவர் மேல எந்தத் தப்பும் இல்லைன்னு."

"அவங்களே தப்புன்னு எழுதியிருக்காங்களே. அதை நான் கிழிக்க முடியாது. வேணும்னா அதுக்குக் கீழயே அவங்க இன்னொண்ணு எழுதிக் குடுக்கட்டும்."

மாமியார் பேனாவை வாங்கினார். கொஞ்ச நேரம் தன் பழைய கையெழுத்தையே பார்த்தார். அதற்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரியும்படி எழுதினார்: 'மேலே எழுதியது பயத்தில் எழுதியது. நான் சரியாகத்தான் ஓட்டினேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சரியாகத்தான் கற்றுக்கொடுத்தார். வண்டிதான் உடைந்தது.'

எழுதி முடித்துப் பேனாவை மூடியதும் அவர் அழுதார். மருமகள் அவர் தோளில் கைபோட்டு அணைத்துக்கொண்டாள். அவளும் அழுதாள். ஜெயித்த சந்தோஷத்தில் அழுகிறவர்களைப் பார்க்கக் கூச்சப்பட்டு அதிகாரி கோப்புக்கு நாடா கட்டினார்.

"டேய் சின்னவனே," என்றாள் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இங்க வாடா."

'சார்' போய் 'டேய்' வந்ததில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கிட்டே வந்தவன் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

"இனிமேலாவது 'அடியில்'னு முழுசா எழுதித் தொலை."

"எழுதறேன்க்கா. ஆனா என் போனை நீயும் எடுத்துத் தொலை."

அப்போது மணி பன்னிரண்டு. உரிம அலுவலகம் மூன்று வரை திறந்திருக்கும். கடிதத்தை உறையில் போட்டு அதிகாரி நீட்டினார், டீச்சர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பதினோரு வருஷப் பள்ளி அந்த உறைக்குள் முழுசாக இருந்தது. இன்னும் இரண்டு பஸ் மாறினால் போதும்.

சின்னவன் கார்டுகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டிக்கொண்டிருந்தவன் கை நின்றது.

"அக்கா."

அவன் குரலைக் கேட்டு அவள் நின்றாள்.

"இன்னும் நாலு கார்டு இருக்கு. அதே மாடல். உன் வண்டி வித்த அதே மாசம் வித்த வண்டிங்க." ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தான். "அடி, சத்தம். அடி, சத்தம். அடி, சத்தம். அடி, சத்தம்."

சிரித்துக்கொண்டிருந்த மேனேஜர் நிறுத்திவிட்டார். "எல்லாத்தையும் இறுக்கிக் குடுத்தாச்சு..."

"எங்களுக்கும் அப்படித்தான் குடுத்தீங்க," என்றாள் டீச்சர்.

அதிகாரி கார்டுகளை வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. "நான் இன்னைக்கே தலைமை ஆபீஸுக்கு எழுதறேன். அவங்க பாத்து, முடிவு பண்ணி, வண்டிக்காரங்களுக்கு முறைப்படி கடிதம் அனுப்ப ஒரு பத்து நாள் ஆகும்."

"பத்து நாளா?" என்றார் மாமியார். "சத்தம் வந்து பத்தாவது நாள்தான் சார் எங்களுக்கு உடைஞ்சது." மேலே இருந்த கார்டை எடுத்தார். "இது என்னைக்குத் தேதி? எட்டு நாள் ஆச்சு."

"மேடம், மேலிடத்து அனுமதி இல்லாம வண்டிக்காரங்களுக்கு நாம போன் பண்ண வாய்ப்பி..."

அவர் முடிப்பதற்குள் மாமியார் மேஜைமேல் இருந்த போனை எடுத்து, கார்டில் இருந்த எண்ணைப் போட்டுவிட்டார். ஒலிபெருக்கிப் பொத்தானையும் அழுத்தினார்.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள். ஒரு பெண் குரல். பின்னணியில் லாரி ஹாரன், ஒரு குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருக்கும் சத்தம்.

"சர்வீஸ் சென்டர்லேர்ந்து பேசறோம்மா. உங்க கார் இப்போ எங்க நிக்குது?"

"நிக்கலையே, ஓட்டிட்டுத்தான் இருக்கேன். ஏன்? அந்தச் சத்தம் மறுபடி ஆரம்பிச்சுடுச்சு. நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

மாமியார் போனை மருமகள் பக்கம் தள்ளினார். டீச்சர் கடித உறையை மேஜையில் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவள் வலது கால், தரையில் இல்லாத ஒரு பிரேக்மேல் தானாகப் போய் நின்றது.

"பயப்படாதீங்க. நான் டிரைவிங் டீச்சர் பேசறேன். நான் சொல்றதை மட்டும் செய்யுங்க. ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை மெதுவா எடுங்க. பிரேக்கைப் படக்குனு அடிக்க வேண்டாம். பின்னாடி வர்றவங்களுக்கு சிக்னல் போடுங்க. போட்டாச்சா?"

"போட்டுட்டேன்... டீச்சர்."

முப்பத்துமூன்று நாளாக ஸ்டியரிங்கில் கைவைத்த யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டிருக்கவில்லை.

"நல்லது. இப்போ ஓரமா ஒதுங்க எடம் இருக்கா?"

"பாலத்து மேல இருக்கேன் டீச்சர். இங்க ஓரமே இல்லையே. எறங்கற எடத்துல பெரிய வளைவு வேற வருது."

டீச்சரின் குரல் கொஞ்சமும் மாறவில்லை.

"பரவாயில்ல. வளைவு வர்றதுக்குள்ள நாம நிறுத்திடலாம். ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கை நேரா பிடிச்சுக்குங்க. நான் பக்கத்து சீட்லதான் இருக்கேன்."